அப்பாவுக்குக் குடல் கேன்சர் ஆபரேஷன், நாலு வாரம் இருக்கிறது: பின்னால் சிக்கல் வராமல் இருக்க இப்போது என்ன பார்க்க வேண்டும்?

கெடிலக்கரை | செப்டம்பர் 19, இரவு 10:50

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர், திருப்பாதிரிப்புலியூர் பக்கம். அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை ஆலையில் எடை மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறேழு மாதமாக மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று அவராகவே முடிவு செய்து கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களிடம் மூச்சு விடவில்லை. போன மாதம் மயக்கம் வந்து விழுந்த பிறகுதான் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மலக்குடலின் மேல் பகுதியில் கட்டி, பயாப்சியில் கேன்சர் என்று வந்துவிட்டது. ஸ்கேனில் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவவில்லை என்கிறார்கள். புதுச்சேரியில் ஆபரேஷன், அக்டோபர் 16 தேதி கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். இணைத்த இடம் கசியலாம், புண் சீழ் பிடிக்கலாம், நெஞ்சில் சளி கட்டலாம், காலில் ரத்தம் உறையலாம், கொஞ்ச நாளைக்கு மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். 'கசியலாம்' என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வியே வருகிறது. இதெல்லாம் யாருக்கு வரும், யாருக்கு வராது? எல்லாம் விதிப்படி என்று விட்டுவிடுவதா, இல்லை இந்த நாலு வாரத்தில் நாங்கள் செய்ய ஏதாவது இருக்கிறதா?

அப்பாவின் கணக்கு இது: மூன்று மாத சுகர் சராசரி 9.2, ஹீமோகுளோபின் 8.1, ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம் 3.0. எடை 64 கிலோ இருந்தவர் இப்போது 56.

வில்லியனூர் அக்கா | செப்டம்பர் 19, இரவு 11:35

தம்பி, தூங்காமல் இருப்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே ஆபரேஷன், ஆனால் கட்டி இன்னும் கீழே, ஆசனவாய்க்குப் பக்கத்தில். முதலில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் ஆபரேஷன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், அது இப்போது தேவையும் இல்லை.

மூன்று நாள் நன்றாக இருந்தார். நாலாம் நாள் சாயங்காலம் 'என்னமோ மாதிரி இருக்கு' என்றார், அவ்வளவுதான். வலி பெரிதாக இல்லை, ஜுரமும் 99ஐத் தாண்டவில்லை. ஆனால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி குதிரை மாதிரி ஓடுகிறது. செல்போனில் நேரம் வைத்து எண்ணினேன், 118. இரவு டியூட்டியில் இருந்த பெண்ணிடம் போய்ச் சொன்னேன், 'வாயு அம்மா, நடக்கச் சொல்லுங்கள்' என்று சொல்லிவிட்டாள். விடியற்காலை மறுபடி எண்ணினேன், 126. வயிறு கல் மாதிரி. பக்கத்தில் இருந்த குழாயில் அதுவரை இளஞ்சிவப்பாக வந்த நீர் பழுப்பாகி, கிட்டப் போனால் நாற்றம். அதற்குப் பிறகுதான் ஓடினார்கள். இணைத்த இடம் பிரிந்திருந்தது. மறுபடி திறந்து, கழுவி, பை வைத்து, 11 நாள் ஐசியூ.

அந்த ராத்திரிக்காக நான் அவர்கள் மேல் இன்றும் வருத்தப்படுகிறேன். ஆனால் எங்கள் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் இதை எழுதுவது நியாயம் இல்லை. மயக்க டாக்டர் 'குடிப்பாரா' என்று கேட்டபோது நான் குறுக்கே விழுந்து 'எப்போதாவது விசேஷத்துக்கு' என்றேன். தினம் ஒரு குவாட்டர், பதினைந்து வருடமாக. மானம் போய்விடும் என்று மறைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, அதற்கு மருந்தும் கொடுத்திருப்பார்கள். தம்பி, உங்கள் அப்பா எதையாவது மறைக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அவரிடம் கேட்காதீர்கள், வீட்டைப் பாருங்கள்.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். பையோடுதான், நிரந்தரமாக. காலையில் டிவிஎஸ் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

பண்ருட்டி_பலா | செப்டம்பர் 20, காலை 6:20

நண்பரே, தப்பாக நினைக்க வேண்டாம், கேன்சர் கட்டியில் கத்தி பட்டால் உடம்பு பூராவும் பரவிவிடும் என்று எங்கள் ஊரில் கண்கூடாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவசரப்படாமல் ஆறு மாதம் மூலிகை பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாமே.

அறுவை_ஜூனியர் | செப்டம்பர் 20, காலை 7:05

அறுவை சிகிச்சையில் மேல்படிப்பு படிக்கிறேன். முதலில் மேலே இருக்கும் பதிவுக்கு. கத்தி பட்டால் பரவும் என்பது உண்மை இல்லை. ஏற்கெனவே பரவிய பிறகு, கடைசி நேரத்தில் வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பிழைக்காமல் போனதைப் பார்த்து ஊரில் உண்டான பேச்சு அது. பரவாத குடல் கேன்சரை முழுதாகக் குணப்படுத்துவதில் ஆபரேஷன்தான் முதுகெலும்பு. ஆறு மாதம் மூலிகை பார்த்தால் கட்டி குடலை அடைத்துக்கொள்ளலாம், அப்போது வயிறு உப்பி, வாந்தியோடு நடுராத்திரி அவசரமாகத் திறக்க வேண்டி வரும். அவசர ஆபரேஷனில் சிக்கலும் உயிர்ப்பலியும் திட்டமிட்டுச் செய்வதைவிட மிகவும் அதிகம். ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது, தயவுசெய்து இந்த யோசனையை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள்.

கெடிலக்கரை சார், உங்கள் கேள்வி சரியான கேள்வி. கட்டி இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்க்கிறோம். அந்த இணைப்பு தையலாலோ ஸ்டேப்ளர் பின்களாலோ மட்டும் நிற்பதில்லை, நாலைந்து நாளில் உடம்பு தானே ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டுவதற்கு அந்த இடத்துக்கு நல்ல ரத்த ஓட்டமும், உடம்பில் புரதமும் வேண்டும். இது இரண்டையும் கெடுப்பது எதுவோ அதெல்லாம் ஆபத்துக் காரணி. அப்படி யோசித்தால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

நம் கையில் இல்லாதவை சில. ஆணாக இருப்பதே ஒன்று, ஆண்களுக்கு இடுப்பு எலும்புக் கூடு குறுகல், உள்ளே கை வேலை கஷ்டம். கட்டி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. பெருங்குடலில் இணைத்தால் கசிவு பொதுவாக நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பேருக்கு, மலக்குடலின் அடிப்பகுதியில் பத்தைத் தாண்டும். முன்னாலேயே கதிர்வீச்சு வைத்திருந்தாலும் கூடும். வில்லியனூர் அக்கா வீட்டில் இது மூன்றுமே சேர்ந்திருக்கிறது.

கையில் இருப்பவை உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டிலேயே வரிசையாக நிற்கின்றன. ஆல்புமின் 3.5க்குக் கீழே. ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடைக்கு மேல் இறங்கியிருக்கிறார், அது கடும் சத்துக் குறைவு. சுகர் 9.2 என்றால் புண் சீழ் பிடிக்க வழி. ரத்த சோகை இருந்தால் ஆபரேஷன் சமயத்தில் ரத்தம் ஏற்ற வேண்டி வரும், ரத்தம் ஏற்றுபவர்களுக்குத் தொற்று கூடுதலாக வருகிறது. இரும்புச் சத்தை நரம்பு வழியாக இப்போதே ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், மாத்திரையாகக் கொடுத்து நாலு வாரத்தில் பெரிதாக ஏறாது. சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுக்கிறாரா என்றும் பாருங்கள், அதை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்கு ரத்தம் இளகும் மாத்திரை எடுத்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு கேள்வி. உங்கள் அப்பாவுக்கு மூட்டு வலி உண்டா? அதற்கு எதாவது சாப்பிடுகிறாரா?

கெடிலக்கரை | செப்டம்பர் 20, இரவு 9:15

டாக்டர், எப்படிக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை, கை நடுங்குகிறது. அக்கா சொன்னபடி வீட்டைப் பார்த்தேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டப்பா, அதில் பாதிக்கு மேல் பீடித் துண்டு. நூல் சுற்றிய மிச்சங்கள், மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவர் பேரன் பிறந்த வருடமே விட்டுவிட்டதாகத்தான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் சட்டைப் பையில் காகிதப் பொட்டலம். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கும் செட் மாத்திரை. சீட்டு இல்லை, பெயர் இல்லை. ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு கேப்சூல், ஒரு சின்ன வெள்ளை. இரண்டு வருடமாகக் காலையில் ஒரு செட் போட்டிருக்கிறார். அதைப் போட்டால்தான் மார்க்கெட்டுக்கு நடக்க முடிகிறதாம்.

கோபம் வந்தது. அம்மாதான் தடுத்தாள். அப்பா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அறுவை_ஜூனியர் | செப்டம்பர் 20, இரவு 9:40

அந்தச் சின்ன வெள்ளை பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். ஓபியில் வாரம் நாலு பேரிடம் இந்தப் பொட்டலத்தைப் பார்க்கிறேன், அதனால்தான் கேட்டேன். ஸ்டீராய்டு வலியை நன்றாகவே குறைக்கும், ஆனால் திசு ஒட்டுவதைத் தாமதமாக்கும், சுகரை ஏற்றும், வயிற்றுக்குள் சீழ் பிடித்தாலும் ஜுரம் காட்டாமல் மூடி மறைக்கும். இணைப்புக் கசிவுக்கு இது தெளிவான காரணி.

ஆனால் இன்றே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வருடம் வெளியிலிருந்து கொடுத்துப் பழகிய உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால், அதுவும் ஆபரேஷன் நேரத்தில், பிரஷர் இறங்கிச் சரிந்துவிடுவார். பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நாளைக்கே சர்ஜனையும் மயக்க மருத்துவரையும் பாருங்கள். எப்படிக் குறைப்பது, ஆபரேஷன் அன்று ஊசியாகக் கொடுக்க வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பீடியை மட்டும் இந்த நிமிடமே நிறுத்தலாம். நாலு வாரம் புகை இல்லாமல் இருந்தாலே புண் ஆறுவதிலும் நெஞ்சுச் சளியிலும் வித்தியாசம் தெரியும்.

அப்பாவைத் திட்டாதீர்கள் சார். தெரிந்துவிட்டது, அதுவே பெரிய விஷயம்.

லாஸ்பேட்டை_90 | செப்டம்பர் 21, காலை 8:10

இந்த இழையைப் படித்துவிட்டு என் மாமனாரின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். அதே பொட்டலம். அவருக்கு அடுத்த மாதம் ஹெர்னியா ஆபரேஷன். நன்றி, வேறு என்ன சொல்வது.

முத்தியால்பேட்டை சிஸ்டர் | செப்டம்பர் 21, மதியம் 2:30

அறுவை சிகிச்சை வார்டில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். டாக்டர் தம்பி காரணத்தைச் சொல்லிவிட்டார், நான் கைவேலையைச் சொல்கிறேன்.

மெடிக்கலில் மூன்று பந்து ஊதுகிற கருவி வாங்குங்கள். பெயர்தான் ஊதுகிறது, உண்மையில் உறிஞ்ச வேண்டும். முக்கால்வாசிப் பேர் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். வாயை இறுக்கி மூடி மெதுவாக இழுத்து, பந்து மேலே நிற்கும்போது மூன்று எண்ண வேண்டும், ஒரு வேளைக்குப் பத்து முறை. ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்தால் வலியில் யாரும் கற்றுக்கொள்வதில்லை, இப்போதே பழகிவிட்டால் அப்போது கை தானாகத் தேடும். பீடி குடித்த நெஞ்சுக்கு இது கட்டாயம்.

நடை. தினம் அரை மணி, மூச்சு லேசாக வாங்குகிற வேகத்தில். முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகட்டும், கையை ஊன்றாமல். கட்டிலை விட்டு எழுவதற்கு அந்தத் தொடைதான் வேண்டும்.

சாப்பாடு. ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று கணக்கு, உங்கள் அப்பாவுக்கு நாளைக்கு 70 முதல் 85 கிராம் வரும். கஞ்சியும் ரசம் சாதமும் கொடுத்து 'லேசான சாப்பாடு' என்று நினைக்கிற வீடுதான் நம் பக்கம் அதிகம், கேன்சர்காரருக்கு அது பட்டினி. தினம் மூன்று முட்டை, மதியம் மீன். சங்கராவோ நெத்திலியோ எது புதிதாகக் கிடைக்கிறதோ அது. பொரிக்க வேண்டாம், குழம்பாக. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கெடிலக்கரை | செப்டம்பர் 21, இரவு 8:45

சிஸ்டர், இது புரட்டாசி. அப்பா முட்டையைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார், நாற்பது வருட விரதம். ஆபரேஷனும் புரட்டாசி முடியும் தறுவாயில்தான் வருகிறது.

முத்தியால்பேட்டை சிஸ்டர் | செப்டம்பர் 21, இரவு 9:30

விரதத்தைக் கெடுக்க வேண்டாம், மனசு உடைந்தால் சோறே இறங்காது. காலை பச்சைப்பயறு தோசை, பதினொரு மணிக்கு வறுத்த வேர்க்கடலை, மதியம் பருப்பைக் கெட்டியாக, கூடவே சோயா உருண்டை, சாயங்காலம் கொண்டைக்கடலை சுண்டல், நடுவில் தயிரும் பன்னீரும். பாலில் புரதப் பொடி இரண்டு வேளை, சுகர்காரருக்கு என்று கேட்டு வாங்குங்கள். கட்டி பாதையை நெருக்கியிருந்தால் சுண்டலும் கடலையும் உப்புசம் தரும், அப்போது அரைத்துக் கொடுங்கள். வயிறு உப்பி, காற்றே பிரியாமல் வாந்தி வந்தால் அக்டோபர் 16 வரை காத்திருக்கக் கூடாது, அன்றே கிளம்ப வேண்டும்.

தேவனாம்பட்டினம் | செப்டம்பர் 22, காலை 5:50

பையைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எனக்கு 48 வயது, எட்டு மாதம் பையோடு இருந்தேன், இப்போது எடுத்தாகிவிட்டது.

சிறுகுடலை வெளியே எடுத்து வைக்கிற தற்காலிகப் பை கசிவை முழுதாகத் தடுக்காது. கசிந்தாலும் மலம் அந்தப் பக்கம் போகாததால் உயிருக்கு ஆபத்தாக முற்றாமல் காப்பாற்றும். ஆனால் அதற்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, நீர் வற்றிப் போவது. வருவது தண்ணீராகத்தான் வரும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ஜாக்கிரதை. சித்திரை வெயிலில் நான் தாகம் தாகம் என்று வெறும் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தேன், குடிக்கக் குடிக்க இன்னும் போனது, கடைசியில் சிறுநீரகம் பாதித்து, கிரியேட்டினின் 3.4 ஆகி மறுபடி படுக்கை. உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் குடிக்க வேண்டும், வெறும் தண்ணீரில் உப்பு இல்லாததால் குடல் பிடித்து வைக்காது. இதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை.

பையின் தட்டில் ஓட்டை வெட்டும்போது குடல் வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கட்டும். பெரிதாக வெட்டினால் தோல் வெந்துவிடும். முதல் ஒன்றரை மாதம் அது சுருங்கிக்கொண்டே வரும், வாரம் ஒரு தரம் அளந்து வெட்டுங்கள். எங்கே வைப்பது என்று முந்தின நாளே பேனாவால் குறித்துவிடச் சொல்லுங்கள், அப்பாவை வேட்டி கட்டி உட்கார வைத்துப் பார்த்துக் குறிக்க வேண்டும். எனக்கு வேட்டி மடிப்பு விழுகிற இடத்திலேயே வந்துவிட்டது, எட்டு மாதமும் அதோடு போராட்டம்.

கெடிலக்கரை | அக்டோபர் 12, இரவு 10:05

இத்தனை நாள் எழுத நேரமில்லை. பொட்டலத்தைப் பார்த்ததும் மயக்க மருத்துவர் எங்களைத் திட்டவில்லை, 'கொண்டுவந்தீர்களே' என்றார். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள், முழங்காலுக்கு வேறு மாத்திரை. இன்சுலின் ஆரம்பித்துக் காலை சுகர் 130க்குள் நிற்கிறது. இரும்பு ஊசி இரண்டு முறை, ஹீமோகுளோபின் 10.2. ஆல்புமின் 3.3, எடை 57.5. பீடி இல்லை. முதல் வாரம் யாரோடும் பேசவில்லை, தொட்டிப் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். இப்போது பேரன் எண்ண, இவர் பந்தை உறிஞ்சுகிறார். மூன்றாவது பந்து நேற்றுதான் எழும்பியது.

அறுவை_ஜூனியர் | அக்டோபர் 12, இரவு 11:20

மூன்று வாரத்தில் இது நல்ல ஏற்றம். 2023ல் ஐரோப்பாவில் குடல் கேன்சர் நோயாளிகளை வைத்து இதே மாதிரி நாலு வாரம் உடற்பயிற்சி, புரதம், புகை நிறுத்தம் என்று தயார்செய்து பார்த்த ஓர் ஆய்வு வந்தது. கடுமையான சிக்கல் நூற்றுக்கு 30 பேர் அளவிலிருந்து 17 பேராகக் குறைந்தது.

இனி கவனிக்க வேண்டியது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை. நாடி 100க்கு மேல் நின்றால், மூச்சு வேகமானால், வயிறு திரும்ப உப்பினால், திடீரென்று குழம்பிப் பேசினால், கேட்க வெட்கப்படாதீர்கள். அக்காவுக்குச் சொன்ன மாதிரி யாராவது சொன்னால் 'சீனியர் ஒருவர் வந்து பார்க்கட்டும்' என்று அங்கேயே நில்லுங்கள். நாலாம் நாள் வாக்கில் சிஆர்பி என்ற, உடம்பில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள், 150க்கு மேல் இருந்தால் ஏன் என்று தேட வேண்டும். நடக்க வைப்பது, சீக்கிரம் வாய் வழியாகக் கொடுப்பது எல்லாம் 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் தொடங்கி வைத்த முறை, 'இப்போதுதான் வயிற்றைக் கிழித்தார்கள், அதற்குள் நடக்கச் சொல்கிறார்களே' என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களை நீங்கள் சமாளியுங்கள்.

வில்லியனூர் அக்கா | அக்டோபர் 15, மாலை 6:00

நாளைக்கு மணக்குள விநாயகருக்கு அப்பா பேரில் அர்ச்சனை செய்கிறேன். நட்சத்திரம் சொல்லுங்கள் தம்பி.

கெடிலக்கரை | அக்டோபர் 15, மாலை 6:12

அனுஷம், அக்கா.

கெடிலக்கரை | அக்டோபர் 27, இரவு 9:30

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. நாலு மணி நேரம் ஆனது, ஸ்டீராய்டு எடுத்தவர் என்பதால் தற்காலிகப் பை வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் குடல் அசையவே இல்லை, பச்சையாக வாந்தி, மூக்கில் குழாய் போட்டார்கள், இரண்டு நாள் அப்படியே. நாடி 104 வரை போனது. நான் அங்கேயே நின்றேன், சீனியர் வந்து பார்த்து அன்று இரவே ஸ்கேன் எடுத்தார், கசிவு இல்லை. சிஆர்பி 138ல் இருந்து இறங்கியது. அப்புறம் தையலின் கீழ் முனையில் கொஞ்சம் சீழ், இரண்டு தையலைப் பிரித்துவிட்டுத் தினம் கட்டு மாற்றுகிறார்கள். நெஞ்சில் சளி கட்டவில்லை. எடுத்த சதையின் பயாப்சி இன்னும் வரவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி மொத்தம் 28 நாள், மீதி நாளைக்கு வீட்டிலேயே. தெருவில் இருக்கும் நர்ஸ் தங்கை வந்து போடுகிறாள், எனக்கும் கற்றுக்கொடுக்கிறாள்.

தேவனாம்பட்டினம் அண்ணா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து பையைக் காலி செய்யும்போதெல்லாம் அவரே அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார், எடை மேடையில் முள் நிற்கக் காத்திருக்கிற மாதிரி. பழைய டைரியில் ஆலையில் எழுதிய அதே கையெழுத்தில் தேதி, மணி, மில்லி என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறார். இன்றைய கூட்டல் 1,150. மதியத்துக்கு மேல்தான் அதிகம் போகிறது, அது சாதாரணமா?

தேவனாம்பட்டினம் | அக்டோபர் 27, இரவு 10:10

சாதாரணம்தான், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கும் அப்படித்தான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். கரைசலைச் சொம்பில் கலந்து பக்கத்திலேயே வைத்து மடக்கு மடக்காக. அந்த டைரியில் நாலாவதாக ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள், சிறுநீர் எத்தனை தரம், என்ன நிறம் என்று. நான் அதை எழுதாமல்தான் மாட்டிக்கொண்டேன்.

கெடிலக்கரை | அக்டோபர் 27, இரவு 10:25

சொல்லிவிட்டேன் அண்ணா. ஸ்கேல் கேட்கிறார், கோடு போட.